வராதவரையும் கட்டும் முடிவு

முப்பது வீடுகள் உள்ள ஒரு கூட்டுக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு பின்னேரம் பொதுக்கூட்டம். பதினொரு வீட்டார் வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தை வாகனத் தரிப்பிடமாக மாற்றுவது என்று அந்தப் பதினொருவரும் ஒருமனதாகத் தீர்மானிக்கிறார்கள். வராத பத்தொன்பது வீட்டாரையும் அந்த முடிவு கட்டுமா? கோரம் இல்லை, கூட்டம் செல்லாது என்று கலைந்து போகலாம். வராதது அவர்களுடைய பிழை என்று முடிவை நிறைவேற்றவும் செய்யலாம். சேர்ந்து வாழும் இடங்களில் இந்த இரண்டு பதில்களும் கசப்பைத்தான் வளர்க்கின்றன. கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள்வரவு (கூட்டநடப்பெண்) என்ற சின்ன விதியைக் கொஞ்சம் பொறுமையாக ஆராய வேண்டியிருப்பது அதனால்தான்.

பரிசின் லா சப்பலை அண்டிய நம்மவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1983க்குப் பிறகு பிரான்சுக்கு வந்த ஈழத் தமிழர்கள் வடக்குப் புகையிரத நிலையத்தின் பின்பக்கம், ஃபோபூர் சென் தெனி வீதியில் கடை வைத்தார்கள். வீடு வாங்கும் காலம் வந்தபோது அதே திசையில் வடக்கே போனார்கள்: சென் தெனி, லா கூர்னெவ், போபினி. வாங்கியது பெரும்பாலும் தொடர்மாடியில் ஒரு வீடு. தொடர்மாடியில் வீடு வாங்குபவர், தெரிந்தோ தெரியாமலோ, அன்றே ஒரு சபையின் அங்கத்தவராகிவிடுகிறார். கூரை ஒழுகினால் திருத்துவதா, மின்தூக்கியை மாற்றுவதா, முகாமையாளராக எந்த நிறுவனத்தை வைப்பது என்பதையெல்லாம் அந்தச் சபை தீர்மானிக்கும். செலவில் இவருக்கும் பங்கு உண்டு.

இதற்கு முன்பே அவர் இன்னும் இரண்டு சபைகளில் இருந்திருப்பார்: ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம். பிரான்சில் இவை 1901 ஜூலை 1ஆம் திகதிச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றன. 1939ஆம் ஆண்டு ஆணை ஒன்று, வெளிநாட்டவர் சங்கம் அமைக்க அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியிருந்தது. 1981 ஒக்டோபரில்தான் அது நீக்கப்பட்டது. நம்மவர்கள் பெருந்தொகையாக வந்திறங்குவதற்குச் சற்று முன்னால் அந்தக் கதவு திறந்தது நல்வாய்ப்பு. அதனால்தான் சொந்த ஊரின் பெயரில் இத்தனை சங்கங்களை எழுப்ப முடிந்தது.

மூன்றாவது வடிவம் புதியது. கூடிப் பேசி, சேர்ந்து கட்டி, பொதுச் சமையலறையும் தோட்டமும் வைத்து வாழும் குடியிருப்பு. டென்மார்க்கில் 1972இல் செட்டடாமன் என்ற இடத்தில் குடும்பங்கள் இப்படி வாழத் தொடங்கின. பிரான்ஸ் 2014 மார்ச் 24ஆம் திகதிச் சட்டத்தின் மூலம் இதற்குத் தனிச் சட்ட உருவம் கொடுத்தது. அதில் ஒரு வகை குடியிருப்பாளர் கூட்டுறவு. சென் தெனி நகரம் அடங்கிய அதே மாவட்டத்தில், மோந்திரெய் நகரில், தெரேஸ் கிளெர்க் என்ற பெண்ணியவாதி முன்னின்று உருவாக்கிய பாபாயாகா இல்லம் 2012 முதல் இயங்குகிறது. முதிய பெண்கள் தாங்களே நிர்வகிக்கும் இல்லம் அது. சட்டப்படி அவர்கள் சமூக வீட்டுத் திட்டத்தின் வாடகைக் குடியிருப்பாளர்கள். கூடி முடிவெடுப்பது சங்கத்தின் வழியே.

இந்த மூன்று வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலரும் எதிர்பாராத ஒன்று தெரியும். பிரெஞ்சுச் சட்டம் தொடர்மாடி உரிமையாளர் கூட்டத்துக்குக் கோரம் எதையும் விதிக்கவில்லை. 1901 சட்டத்திலும் அப்படி ஒரு சொல் இல்லை. சங்கத்தின் யாப்பு சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. இவ்வளவு பேர் வந்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வது பங்கு நிறுவனங்களைப் பற்றிய சட்டம்தான். அங்கே சாதாரணப் பொதுக்கூட்டத்துக்கு வாக்குரிமையுள்ள பங்குகளில் ஐந்தில் ஒன்று, யாப்பை மாற்றும் சிறப்புக் கூட்டத்துக்கு நான்கில் ஒன்று. பணம் போட்டவர்களின் சபைக்கு இவ்வளவு கண்டிப்பு இருக்க, ஒரே சுவருக்கு இருபுறமும் உறங்குபவர்களின் சபைக்கு ஏன் இல்லை?

விடை 1965 ஜூலை 10ஆம் திகதிச் சட்டத்தின் 24, 25, 26ஆம் பிரிவுகளில் இருக்கிறது. அன்றாட விடயங்கள், அதாவது கணக்கை ஏற்பது, வரவுசெலவுத் திட்டம், பராமரிப்பு போன்றவை 24ஆம் பிரிவில் வரும். அளிக்கப்பட்ட வாக்குகளில் பெரும்பான்மை இருந்தால் போதும்; நடுநிலை வகிப்பவர் கணக்கில் இல்லை. முகாமையாளரைத் தெரிவுசெய்வது போன்ற பெரிய விடயங்கள் 25ஆம் பிரிவில் வரும். அங்கே வந்தவர்களின் பெரும்பான்மை போதாது, எல்லா உரிமையாளர்களின் வாக்குகளிலும் பாதிக்கு மேல் வேண்டும். அதைவிடக் கனமானவற்றுக்கு 26ஆம் பிரிவு: அங்கத்தவர் தொகையில் பாதிக்கு மேற்பட்டோர், வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு. பெரிய விடயங்களில் சட்டம் வந்தவர்களின் தலைகளை எண்ணுவதில்லை. 'ஆம்' என்றவர்கள் மொத்தச் சபையில் எவ்வளவு என்று கேட்கிறது.

சிறிய கணக்கு ஒன்று போட்டால் இந்த வித்தியாசத்தின் கனம் விளங்கும். அதே முப்பது வீடுகள். யாப்பு, பாதிக்கு மேல், அதாவது பதினாறு வீட்டார் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்கிறது. ஒரு பிரேரணையைப் பதினைந்து வீடுகள் ஆதரிக்கின்றன, மூன்று வீடுகள் எதிர்க்கின்றன, மற்றவர்களுக்கு அக்கறை இல்லை. எதிர்க்கும் மூவரும் நேர்மையாக வந்து கையுயர்த்தினால், பதினெட்டுப் பேர் கூடிய சபையில் பதினைந்துக்கு மூன்று என்று பிரேரணை நிறைவேறும். அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் சபையில் பதினைந்து பேர்தான். கோரம் இல்லை, பிரேரணை விழுந்துவிடும். வந்தால் தோல்வி, வராவிட்டால் வெற்றி. ஆள்வரவைப் பெருக்க எழுதப்பட்ட விதி, எதிர்ப்பவனை வராமல் இருக்கச் சொல்லிக் கொடுக்கிறது.

இது வெறும் கற்பனை அல்ல. இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்கக் கோரும் மக்கள் வாக்கெடுப்பு செல்லுபடியாக, வாக்காளரில் பாதிக்கு மேல் வாக்களிக்க வேண்டும். அதனால் அங்கே எதிர்ப்பாளர்களின் பிரசாரம் 'இல்லை' என்று வாக்களியுங்கள் என்பதல்ல, வாக்களிக்கப் போகாதீர்கள் என்பதே. 2025 ஜூனில், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையான வதிவிடக் காலத்தைப் பத்து ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கும் கேள்விக்கு, வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் ஆம் என்றார்கள். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ முப்பது சதவீதம்தான், கேள்வி செத்தது. பலெர்மோவில் வாழும் தமிழர்களின் வாழ்க்கையையும் தொட்டிருக்கக்கூடிய மாற்றம் அது.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் நீண்ட காலம் இந்த உத்தி நடந்தது. உறுப்பினர்கள் ஆசனத்தில் இருந்துகொண்டே பெயர் கூப்பிடும்போது வாய் திறக்க மாட்டார்கள், கோரம் குறைந்துவிடும். 1890இல் சபாநாயகர் தோமஸ் ரீட், பதில் சொல்லாமல் இருப்பவர்களையும் வந்தவர்களாகப் பதியச் சொல்லி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். அவரைக் கொடுங்கோலன் என்றார்கள். என் பார்வையில் அவர் செய்தது சரி. கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒருவரை இல்லை என்று எண்ணும் சபை எதையும் நேர்மையாக எண்ண முடியாது.

சபையை முடக்குபவர்களை என்ன செய்வது என்ற கவலை நமக்கும் பழையது. திருநெல்வேலிக்கு அருகே மானூரில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒரு சபை தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஒழுங்கைச் சொல்கிறது. கொண்டுவரும் ஒவ்வொன்றுக்கும் 'அன்று, அன்று' என்று மறுத்துச் சபையைத் தடுப்பவர் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். அந்தச் சபை நிலப் பங்குடைய, வேதம் பயின்ற பிராமணர்களுக்கு மட்டும் உரியது. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதைச் சொல்லாமல் அந்தக் கல்வெட்டைப் பெருமையாக எடுத்துக்காட்டுவது நேர்மையாகாது. ஆனாலும், கூடுவது வேறு, முடிவெடுக்க முடிவது வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் இன்று கிராம சபைக்கு எண்ணிக்கை விதி உண்டு. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. சிற்றூரில் பத்தில் ஒருவர் வர வேண்டும், பத்தாயிரம் பேர் ஊரில் நூற்றில் இருவர் வந்தால் போதும். சபை பெருகப் பெருக விகிதம் குறைவது நியாயமே. பேருந்து பிடித்து வர வேண்டியவரிடம் எதிர்பார்ப்பதையும் மாடிப்படி இறங்கி வர வேண்டியவரிடம் எதிர்பார்ப்பதையும் ஒன்றாக வைக்க முடியாது. முப்பது வீட்டுக் குடியிருப்புக்கு யாப்பு எழுதுபவர்கள் பெரிய சங்கத்தின் விதியை அப்படியே பெயர்த்து எழுதும்போது தவறுவது இங்கேதான். எண்ணிக்கை விதி மட்டும் போதாது என்பதைக் கூட்டு வாழ்வுக்கென எழுந்த, விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில் காட்டுகிறது. அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பிய பதிவுபெற்ற குடியிருப்பாளர் எல்லோரையும் கொண்ட ஒரு சபையை ஆட்சிக் குழுவுக்குப் பக்கத்தில் வைத்தது. அந்தச் சபையின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது அண்மை ஆண்டுகளில் நீதிமன்றம் வரை போன வழக்காயிற்று. எத்தனை பேர் கூடினார்கள் என்பதைவிட, கூடியவர்களின் முடிவு எதைக் கட்டும், எதைக் கட்டாது என்பது முதலில் எழுதப்பட வேண்டும்.

சென் தெனிக்குத் திரும்புவோம். மொத்தச் சபையிலும் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்ற 25ஆம் பிரிவு காகிதத்தில் அழகானது. ஆனால் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கும் உரிமையாளர்கள் நிறைந்த பெரிய தொடர்மாடிகளில் அந்தப் பாதி ஒருநாளும் கிடைக்காது. கிடைக்காதபோது மின்தூக்கி நிற்கும், கூரை ஒழுகும், கட்டணம் கட்டுபவர் குறைவார், கட்டுபவர்மேல் சுமை ஏறும். கிளிஷி-சூ-புவாவிலும், ஐயாயிரம் வீடுகள் அளவு கொண்ட கிரிஞி 2 குடியிருப்பிலும் நிலைமை முற்றி, முறையே 2015இலும் 2016இலும் அரசே சிறப்பு ஆணைகளோடு உள்ளே நுழைய வேண்டியதாயிற்று. வறுமை, கடன், ஏமாற்று வாடகை என்று அந்தச் சீரழிவுக்கு வேர்கள் பல. முடிவெடுக்க முடியாத சபை அவற்றில் ஒன்று.

இதற்காகச் சட்டம் ஒரு பாலம் போட்டிருக்கிறது. 25-1 என்ற பிரிவின்படி, பாதியை எட்டாத பிரேரணை மொத்த வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கையாவது பெற்றிருந்தால், அதே கூட்டத்தில் உடனே இரண்டாவது வாக்கெடுப்பு நடத்தலாம். அப்போது அளிக்கப்பட்ட வாக்குகளின் பெரும்பான்மை போதும். ஆயிரம் வாக்குகள் உள்ள கட்டடத்தில் 400 ஆதரவு, 100 எதிர்ப்பு என்றால் முதல் சுற்றில் தோல்வி, ஏனென்றால் 501 வேண்டும். ஆனால் 400 என்பது மூன்றில் ஒன்றைத் தாண்டியதால் இரண்டாம் சுற்றில் வெற்றி. வந்தவர்கள் 250 வாக்குகள் மட்டும் வைத்திருந்து, அத்தனையும் ஆதரவாக விழுந்தாலும் பாலம் திறக்காது. ஆக, கோரமே இல்லாத சட்டத்தின் நடுவில் மூன்றில் ஒன்று என்ற தளம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து அதை உடைக்க எவராலும் முடியாது. எதிர்ப்பவர் வந்தாலும் வராவிட்டாலும் ஆதரவு வாக்கின் தொகை மாறாது. வராமல் இருந்தால் இரண்டாம் சுற்றில் எதிர் வாக்கை இழப்பார். நான் பார்த்த விதிகளுள் இதுவே சிறந்த ஏற்பாடு. கூட்டுக் குடியிருப்புகளின் யாப்புகளும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சங்கங்களில் வழக்கமான தீர்வு வேறு. 'கோரம் இல்லாவிட்டால் அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் கூட்டம் நடக்கும், வந்தவர்களே கோரம்' என்று அழைப்பிதழின் அடியில் அச்சிட்டுவிடுவார்கள். தேநீர் குடித்து முடிவதற்குள் விதி மறைந்துவிடும். பொதுநலச் சங்கமாக அரசின் ஏற்பைப் பெற்ற அமைப்புகளுக்கான பழைய பிரெஞ்சு மாதிரி யாப்பில், யாப்பை மாற்ற நான்கில் ஒரு பங்கினர் வர வேண்டும். வராவிட்டால் குறைந்தது பதினைந்து நாள் கழித்து மீண்டும் கூட வேண்டும், அப்போது எத்தனை பேர் வந்தாலும் சரி. அந்தப் பதினைந்து நாளில்தான் விதியின் உயிர் இருக்கிறது. முதல் கூட்டம் நடக்கவில்லை என்ற செய்தி பரவும், என்ன முடிவு வரப்போகிறது என்று தெரியும், கவலைப்படுபவர் வேலையிடத்தில் விடுப்புக் கேட்பார். அரை மணி நேரத்தில் இவை எதுவும் நடக்காது.

வராதவர்களை அக்கறையற்றவர்கள் என்று எண்ணும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். பரிசில் உணவகச் சமையலறையில் நிற்பவருக்கு ஞாயிறு ஓய்வு நாள் அல்ல. அதிகாலை நான்கு மணிக்கு அலுவலகம் துப்புரவு செய்யப் போகும் பெண்ணுக்கு இரவு ஒன்பது மணிக் கூட்டம் ஒரு தண்டனை. முகாமையாளர் அனுப்பும் அழைப்பு பிரெஞ்சு மொழியில், பல பக்கத்தில் வரும். அது இருபத்தொரு நாள் முன்னதாகக் கிடைக்க வேண்டும் என்பது 1967ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. அழைப்பு வந்துவிடுகிறது, விளக்கம் வருவதில்லை. பிள்ளைகள் வாசித்துச் சொன்னால் உண்டு. தவறு என்று தோன்றும் முடிவை நீதிமன்றத்தில் கேட்க, கூட்டக் குறிப்பு கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதம் அவகாசம். எதிர்த்து வாக்களித்தவரும் வராதவரும் மட்டுமே கேட்கலாம். வராதவருக்குச் சட்டம் தந்திருக்கும் உண்மையான காவல் இந்த முன்னறிவிப்பும் பின்அவகாசமும்தான். இவை இரண்டும் ஒழுங்காக இருக்கும் இடத்தில் கோரம் குறைவாக இருப்பது ஆபத்தில்லை. இவை இல்லாத இடத்தில் பாதிப்பேர் வந்தாலும் எஞ்சிய பாதிக்கு அநீதி நடக்கலாம்.

2018ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் வழி வாக்கைக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகிறவர் படிவத்தை நிரப்பி முன்கூட்டியே அனுப்பலாம். மற்ற வழி அதிகாரப்பத்திரம். நம்மவர்கள் இதையே அதிகம் விரும்புகிறார்கள்: பெயரை எழுதாமல் கையெழுத்துப் போட்டு, 'அண்ணை, நீங்களே பாருங்கோ' என்று கொடுத்துவிடுவது. ஒருவர் மூன்று பத்திரங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அவரது சொந்த வாக்கோடு சேர்ந்து மொத்தம் பத்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் மட்டும் விலக்கு உண்டு. முகாமையாளர் பத்திரமே வாங்கக் கூடாது. சங்க யாப்புகளில் இந்த வரம்பைக் காண்பது அரிது. பத்துப் பத்திரத்தோடு ஒருவர் வந்து அமரும் சபையில் கோரம் நிறைந்துவிடும், ஆனால் பேச்சு நடக்காது.

யாரை எண்ணுவது என்ற கேள்வி இதைவிட ஆழமானது. தொடர்மாடிச் சட்டம் சொத்தின் பங்கை எண்ணுகிறது, பெரிய வீட்டுக்கு அதிக வாக்கு. ஒரே ஒருவரிடம் பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் அவரது வாக்கு மற்றெல்லோருடைய கூட்டுத்தொகை அளவுக்கு வெட்டப்படும். ஒரு வீட்டுக்குப் பலர் உரிமையாளர் என்றால் அவர்களுக்கு ஒரே பிரதிநிதி. நடைமுறையில் கூட்டத்துக்கு யார் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்: கணவர். வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கே இல்லை. கூட்டுறவுகளுக்கான 1947ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போகிறது, ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. குடியிருப்பாளர் கூட்டுறவில் கணவனும் மனைவியும் தனித்தனி அங்கத்தவராகச் சேர்ந்தால் இருவரும் எண்ணப்படுவார்கள். சமையலறைச் செலவு, பிள்ளைகள் விளையாடும் நேரம், முதியவரைப் பார்க்கும் முறை என்று கூட்டுக் குடியிருப்பின் கூட்டங்களில் பேசப்படுவதில் பாதியைப் பெண்களே நாள்தோறும் சுமக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு வாக்கு என்று எழுதும் யாப்பு அவர்களின் வருகையையே எண்ணாமல் விட்டுவிடுகிறது. இது கோரத்தின் அளவைவிட முக்கியமானது, யாப்பு எழுதும் முதல் நாளிலேயே தீர்க்க வேண்டியது.

வாக்கெடுப்பையே தவிர்த்து எல்லோரும் ஒப்பும் வரை பேசும் குழுக்களும் உண்டு. பிரான்சின் கூட்டுக் குடியிருப்புகள் பலவற்றில், ஒருவரும் காரணம் காட்டி மறுக்காவிட்டால் ஏற்கப்பட்டது என்ற முறை விரும்பப்படுகிறது. இதற்குச் சட்டகம் அமைத்தவர் நெதர்லாந்தின் ஹெரார்ட் எண்டன்பெர்க். அங்கே கோரம் தேவையில்லை என்று தோன்றும், உண்மையில் அங்குதான் ஆபத்து அதிகம். முப்பதில் எட்டுப்பேர் ஒப்பினால் அது எட்டுப்பேரின் ஒப்புதல், வராதவரின் மறுப்பைக் கேட்க இடமே இருக்கவில்லை. இப்படிப்பட்ட குழுக்கள் முடிவை உடனே உறுதியாக்காமல், கூட்டக் குறிப்பைப் பொது அறையில் ஒட்டி, பத்து நாளோ இரண்டு வாரமோ வைத்திருப்பது நல்லது. அதற்குள் காரணத்தோடு மறுப்பு வந்தால் விடயம் அடுத்த கூட்டத்துக்குத் திரும்பும்.

என் முடிவு இது. முப்பது வீட்டுக் குடியிருப்பின் அன்றாட விடயங்களுக்குக் கோரம் வேண்டாம். மூன்று வார முன்னறிவிப்பும், அவரவர் மொழியில் நிகழ்ச்சிநிரலும், அதில் இல்லாத எதையும் தீர்மானிக்கக் கூடாது என்ற தடையும் போதும். பணம் பெரிதாகச் செலவாகும் விடயங்களுக்கு, எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருப்பதோடு, ஆதரவு மொத்தத்தில் மூன்றில் ஒன்றையாவது எட்ட வேண்டும், அதாவது பத்து வீடு. மீட்க முடியாதவற்றுக்கு மூன்றில் இரண்டு. அந்தப் பதினொரு பேரால் குழாய் திருத்தலாம், கூரையும் மாற்றலாம், முற்றத்தைத் தரிப்பிடமாக்க முடியாது. அதற்கு இருபது வீடு வேண்டும். வீட்டுக்குப் பதில் அங்கத்தவரை எண்ணும் சபையிலும் விகிதங்கள் இவையே.

இன்னும் ஒன்று. இந்த விதிகளை மாற்றும் விதி. பல யாப்புகள் திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கினர் நேரில் வர வேண்டும் என்கின்றன. அங்கத்தவர்கள் லண்டனுக்கும் டொரோண்டோவுக்கும் இடம்பெயர்ந்த பிறகு அந்தத் தொகை எக்காலமும் கூடாது, யாப்பு உறைந்துவிடும். திருத்தத்துக்கும் ஆதரவு வாக்கின் அளவையே வைக்க வேண்டும், அஞ்சல் வாக்கை ஏற்க வேண்டும். இரண்டு ஆண்டு தொடர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் வராமல், பத்திரமும் அனுப்பாமல், கடிதத்துக்குப் பதிலும் தராதவரை, உரிமை பறிக்காமல், மொத்தத் தொகையிலிருந்து மட்டும் விலக்கி எண்ணலாம் என்று சங்கங்களின் யாப்பில் ஒரு வரி சேர்க்கலாம். தொடர்மாடியில் சட்டம் அதை அனுமதிக்காது. கூட்டுறவில் அதைச் செய்வதற்கு முன் ஒரு சட்டத்தரணியைக் கேட்க வேண்டும். அவர் திரும்பி வந்து கதவைத் தட்டும் நாளில் அவரது பெயர் மீண்டும் எண்ணிக்கையில் சேரும் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.